முறுக்கு டின்னில் போன கத்தி

என் வீட்டுக்காரருக்கு மடக்குக் கத்தி என்றால் உயிர். குடிப்பதில்லை, புகைப்பதில்லை, நாலு நம்பர் லாட்டரி எழுதக் கடைக்குப் போவதில்லை. ஆக, இந்த ஒரு கிறுக்கை நான் பொறுத்துப் போகிறேன் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். பொறுத்தாவது மண்ணாவது. வாரத்தில் நாலு நாள் அதைச் சொல்லியே அவரை வாங்கு வாங்கென்று வாங்குவேன்.

எங்கள் இரண்டு பேரையும் பெற்றவர்கள் மலாக்காவில் லூபோக் சீனா பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவர்கள். கத்தி இல்லாத வீடு அங்கே கிடையாது. ஆனால் அதை எவரும் பஞ்சில் சுற்றி, எண்ணெய் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துக் கொஞ்சிவிட்டு மறுபடியும் படுக்க வைத்ததில்லை. இவர் செய்வார். எலும்புப் பிடி, மான்கொம்புப் பிடி, பித்தளைப் பிடி என்று முப்பதுக்கு மேல் இருக்கிறது. எல்லாம் மடக்கினால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிறவை. இது வெள்ளைக்காரன் காலத்தது, இது ஜெர்மனிக்காரன் செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம் வைத்திருக்கிறார். பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கிற வகையை மட்டும் தொடமாட்டார். அது சட்டப்படி குற்றம் என்று வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

குருபோங்கில் ஒரு தொழிற்சாலையின் கேட்டில் அவருக்குக் காவல் வேலை. பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கைபேசி வழியாக இவரைப் போலவே கத்திக் கிறுக்குப் பிடித்த நாலைந்து பேரைச் சேர்த்து வைத்திருக்கிறார். ஈப்போவில் ஒரு சீனர், ஜொகூரில் ஒரு மலாய்க்காரர், கெடாவில் சுங்கை பட்டாணியில் நம்மாள் ஒருவர். உன்னிடம் இது இரண்டு இருக்கிறதா, என்னிடம் அது இருக்கிறது, மாற்றிக்கொள்வோமா என்று பேச்சு ஓடும். பேச்சு முடிந்தால் பார்சல் கட்டவேண்டும்.

பார்சல் என்று வந்துவிட்டால் அது என் சமாச்சாரம். அதே குருபோங்கில் இன்னொரு தொழிற்சாலையின் பேக்கிங் லைனில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான். கண்ணாடி மாதிரி நொறுங்கும் சாமான்களை எல்லாம் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறேன், ஒன்று உடைந்து திரும்பி வந்ததில்லை. முழங்கால் வலி வந்துதான் வேலையை விட்டேன். கைக்கு இன்னும் அது தெரியவில்லை. யார் வீட்டில் அட்டைப்பெட்டியைக் கண்டாலும் எத்தனை அடுக்கு என்று ஓரத்தைத் தடவிப் பார்க்கும்.

இவர் முதன்முதலில் கட்டிய பார்சலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விரல் நீளக் கத்திக்கு ஒரு சப்பாத்துப் பெட்டி. உள்ளே பபிள் ரேப் மூன்று சுற்று, அதற்குமேல் ஒரு வாரத்துப் பேப்பர் முழுவதையும் கசக்கித் திணித்திருந்தார். கூரியர் கடையில் எடையை மட்டும் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, பெட்டி அடைத்துக்கொள்கிற இடத்துக்கும் ஒரு எடை போடுவார்கள். இரண்டில் எது பெரியதோ அதற்குத்தான் கட்டணம். இவர் கட்டிவிட்டு வந்த சீட்டைப் பார்த்துவிட்டு, காற்றை அனுப்பக் காசு கட்டுகிற ஒரே மனிதர் நீங்கள்தான் என்றேன். அன்றோடு பார்சல் பொறுப்பு என் கைக்கு வந்தது.

நானும் ஆரம்பத்தில் ஒரு தடவை சறுக்கினேன். கூரியர் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பை இருக்கிறதே, அதற்கு ஃப்ளையர் என்று பேர், மலிவு. ஒரு கத்தியை பபிள் ரேப்பில் மட்டும் சுற்றி அதில் போட்டு ஈப்போவுக்கு அனுப்பினேன். போகிற வழியில் கத்தியின் மூலை பையைக் குத்திப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. நல்லவேளை, முழுசாக விழவில்லை. அதற்குப் பிறகு பற்பசைப் பெட்டி, பால் பெட்டியின் கெட்டி அட்டை, தண்ணீர்க் குழாயில் அறுத்த துண்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தேறினேன். அளவில் சின்னதாக, அரைக் கிலோவுக்குள், ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் வித்தை. ஒரு வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு பார்சல் போயிருக்கும். எல்லாம் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தன. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஏறாமல் எப்படி இருக்கும்?

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என் பேச்சைக் கேட்கமாட்டார். கவுண்டரில் உள்ளே என்ன என்று கேட்டால், மடக்குக் கத்தி, சேகரிப்புக்கு வைப்பது என்று பட்டென்று சொல்லிவிடுவார். நிரப்பித் தருகிற பாரத்திலும் அப்படியே எழுதுவார். சில கடைகளில் சரி என்று வாங்கிக்கொள்வார்கள். சிலர் முகத்தைச் சுளித்து, வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். இவர் கோபப்படாமல் அடுத்த கடைக்குப் போவார், அங்கேயும் அதே உண்மையைச் சொல்வார். காருக்கு ஊற்றுகிற எண்ணெய்க் காசைக் கணக்கில் சேர்த்தால் நான் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

போன தீபாவளிக்கு முன்னால் சுங்கை பட்டாணிக்காரரோடு ஒரு மாற்று நடந்தது. அவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர். அவருடைய கத்தி முதலில் எங்களுக்கு வந்துவிட்டது. பதிலுக்கு இங்கேயிருந்து ஒரு பித்தளைப் பிடிக் கத்தி போகவேண்டும். அந்தக் கத்திக்கு ஒரு குறை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துபோய், மடக்கி வைத்தாலும் லேசாகத் தட்டினால் வாயைத் திறந்துகொள்ளும். கூர் மட்டும் குறையவேயில்லை, தாளைத் தொங்கவிட்டு இழுத்தால் சத்தமில்லாமல் அறுக்கும். ஸ்பிரிங்கைத் தானே சரிசெய்துகொள்வதாக அவர் சொல்லியிருந்தார். அதனால் என் வீட்டுக்காரர் தச்சர் ஒருவரிடம் சொல்லி, கத்தி அசையாமல் உட்காருகிற மாதிரி குழி வெட்டிய ஒரு சின்ன மரப்பெட்டி செய்து வாங்கி, அதில் வைத்து என்னிடம் கொடுத்தார். அவசரமில்லை, தீபாவளி முடிந்து அனுப்பலாம் என்றும் சொன்னார்.

நான் கேட்கிற ஆளா? தீபாவளி நெருங்கினால் எங்கள் வீடு வீடாகவே இருக்காது. நான் முறுக்கு சுட்டு விற்பேன். ஹாலில் கால் வைக்க இடமில்லாமல் டின்னும் மாவும் எண்ணெயுமாகக் கிடக்கும். அதற்கு நடுவில் இந்தக் கத்தி வேறு எதற்கு என்று எரிச்சல். முறுக்கு மாவு நிறுக்கிற தராசிலேயே பெட்டியோடு வைத்துப் பார்த்தேன். மரப்பெட்டியே கல் மாதிரி கனத்தது. வெளிப்பெட்டியும் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டும், அடுத்த கட்டணத்துக்குப் போகும். மரப்பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

கத்தியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டேன். மேலே பபிள் ரேப் ஒரு சுற்று. பக்கத்தில் காலியான பால்மாவு டின் ஒன்று இருந்தது. தகர டின், எவன் மிதித்தாலும் நசுங்காது, காசும் இல்லை. ஆனால் உள்ளே கத்தி உருளுமே? அடைக்க ஏதாவது வேண்டும். சுடும்போது உடைந்த முறுக்குத் துண்டுகள் ஒரு பேசின் நிறையக் கிடந்தன. அள்ளிக் கொட்டினேன். குலுக்கிப் பார்த்தேன், சத்தமில்லை. மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். பேக்கிங் லைனில் இருந்த சூப்பர்வைசர் பார்த்திருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு பெருமை.

கூரியர் கடையில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த மலாய்ப் பெண், உள்ளே என்ன அக்கா என்று மலாயில் கேட்டாள். எனக்குப் பின்னால் வரிசை கடைவாசல் வரைக்கும் நின்றது. வீட்டில் எண்ணெய்ச் சட்டி காத்துக்கொண்டிருந்தது. கத்தி என்றால் இவள் யோசிப்பாள், உள்ளே போய் யாரையாவது கேட்பாள், கடைசியில் இல்லை என்பாள். முறுக்கு என்றேன். அந்தச் சொல் இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே முறுக்கு என்று சீட்டில் அடித்து, டின்னைப் போட்ட பையின்மேல் ஒட்டினாள். பொய் இல்லையே, பாதிக்கு மேல் முறுக்குதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுப்புகிறவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. சீட்டு நம்பரை மட்டும் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன், அவர் அதைச் சுங்கை பட்டாணிக்கு அனுப்பிவிட்டார். எப்படிக் கட்டினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தீபாவளி வந்தது, போனது. மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போய்விட்டார். பண்டிகை என்று மற்ற காவலர்கள் லீவில் இருந்ததால் அன்றைக்குக் கேட்டில் இவர் ஒருவர்தான். பத்து மணி இருக்கும், ஃபோன் அடித்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"பார்சல் போய்ச் சேந்துருச்சுன்னு ஃபோன்ல காட்டுது. அவரு வரலைங்கறாரு. பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்காங்க, அவங்களக் கேட்டாராம். முறுக்கு டின் ஒண்ணு வந்துச்சு, வேற ஒண்ணும் வரலன்னு சொல்றாங்களாம்."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். நம் வீடுகளில் தீபாவளி சமயத்தில் முறுக்கு டின்னுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? காற்று புகாமல் டேப் ஒட்டின டின் வீட்டுக்கு வீடு போகும். நமக்கு வந்ததை அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம், அவர்கள் வேறு ஒருவருக்குக் கொடுப்பார்கள். பிரித்துப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. பால்மாவு டின்னில் டேப் ஒட்டி, மேலே முறுக்கு என்று எழுதி அனுப்பினால் அதைக் கத்தி என்று எவள் நினைப்பாள்? நானாக இருந்தாலும் நினைத்திருக்க மாட்டேன்.

சொல்லிவிட்டேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் லாரி ஒன்று கேட்டைத் தாண்டிப் போகிற ஓசை கேட்டது.

"மரப்பெட்டியோடதான வெச்ச?"

மரப்பெட்டி டிவிக்குக் கீழே இருந்தது. அதில் என் ஊக்கும் கொண்டை ஊசியும் போட்டு வைத்திருந்தேன். இல்லை என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் ஃபோனை வைத்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தார். சுங்கை பட்டாணிக்காரரின் மனைவிக்குப் பிறந்த வீடு மலாக்காதானாம், சுங்கை ரம்பாய். ஆஸ்பத்திரியில் கணவருக்கு லீவு கிடைக்காததால் அந்தம்மா தன் அண்ணன் வீட்டுக்குத் தீபாவளிக்குத் தனியாக வந்திருக்கிறார். வரும்போது வீட்டிலிருந்த பலகார டின்களை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு வந்து அங்கே இறக்கிவிட்டிருக்கிறார். அன்று காலையில் லூபோக் சீனாவில் இருக்கும் அக்காள் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். நம்முடைய டின் சுங்கை ரம்பாயில் அந்த அண்ணன் வீட்டில் இருக்கிறது. அங்கே ஃபோன் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

"அந்த வீட்டுல நாலு சின்னப் பிள்ளைங்களாம்," என்றார். "நான் இந்தக் கேட்ட விட்டுட்டு வர முடியாதுலா. நீ போ."

விலாசத்தை அனுப்பினார். நான் போட்டிருந்த நைட்டியை மாற்றினேனா, வீட்டைப் பூட்டினேனா, ஒன்றும் ஞாபகமில்லை. காரை எடுத்தபோது ஹேண்ட்பேக் பக்கத்து சீட்டில் இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

மற்ற நாளில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அன்றைக்கு மெர்லிமாவ் வரை கார் நகரவேயில்லை. ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு விருந்து, சாலையின் இரண்டு பக்கமும் காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். முன்னால் போன மோட்டார்காரனைத் திட்டினேன், சிவப்பு விளக்கைத் திட்டினேன், கடைசியில் திட்ட வேறு ஆள் இல்லாமல் என்னைத் திட்டினேன். அரைக் கிலோவாம், அடுத்த கட்டணமாம். இருபத்திரண்டு வருஷம் பேக்கிங் பண்ணினவளாம். சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று வாய்விட்டே சொன்னேன். உடைந்த முறுக்கு என்றால் பிள்ளைகள் எப்படித் தின்னும் என்று எனக்குத் தெரியும். தட்டில் போட்டுத் தின்னாது. டின்னுக்குள் கையை விட்டு அடிவரைக்கும் துழாவும். அந்தக் கை எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடவும் முடியாது, ஓட்டுகிறேன் இல்லையா? போகிற வழியில் இருந்த கோயிலையெல்லாம் பார்த்துக் கும்பிட்டேன். கத்தி உடையட்டும், துருப்பிடிக்கட்டும், தொலைந்தே போகட்டும், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

வரிசை வீட்டில் ஒரு வீடு. வாசலில் செருப்புக் குவியல். முப்பது வயசு இருக்கும், புதுச் சேலை கட்டின ஒரு பெண் வந்து, வாங்கக்கா, உள்ள வாங்க என்று சிரித்தாள். நான் யார் என்றே அவளுக்குத் தெரியாது. தீபாவளி வாரத்தில் வாசலுக்கு வந்தவரை யார் என்று எவரும் கேட்பதில்லை. ஃபோன் எங்கேயோ சோபாவுக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது, சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. என்னை உட்காரச் சொன்னாள், ஆரஞ்சுத் தண்ணீர் கொண்டுவந்தாள். என் கண் டின்னைத் தேடியது. ஹால் மேசையில் எட்டு பத்து டின் வரிசையாக இருந்தது. அதில் என் பால்மாவு டின்னும் இருந்தது. மூடி திறந்து கிடந்தது.

எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். அடியில் முறுக்குத் தூள் மட்டும் இருந்தது.

இதற்குள் இருந்தது எங்கே என்று கேட்டேன். அவள் சங்கடமாகச் சிரித்தாள். எல்லாம் உடைந்த முறுக்கு, பிள்ளைகளே தின்று தீர்த்துவிட்டார்கள், வேறு டின் எடுத்துத் தருகிறேன் என்றாள். பிள்ளைகள் எங்கே என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் கூப்பிட்டாள். மூன்று பேர் ஓடி வந்து வரிசையாக நின்றார்கள். ஆண்ட்டிக்கு ஹேப்பி தீபாவளி சொல்லுங்க என்று தாய் சொன்னதும், மூன்று பேரும் சொல்லிவிட்டு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்கள். அங்பாவ், அதுதான் பண்டிகைக்குப் பெரியவர்கள் உறையில் போட்டுத் தரும் காசு, கிடைக்கும் என்று நீட்டின கைகள். நான் ஒவ்வொரு கையாகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெரியவளின் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இது என்ன என்று கேட்டேன். மத்தாப்பூ சுட்டுருச்சு ஆண்ட்டி என்றாள் அவள்.

நாலாவது பிள்ளை எங்கே என்று கேட்டேன். சின்னவள் பின்னால் அறையில் விளையாடுகிறாள் என்றார்கள்.

அறைக் கதவுக்குப் பின்னால் டப், டப் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பேக்கிங் லைனில் நின்ற எனக்கு அது என்ன சத்தம் என்று சொல்லவேண்டியதில்லை. கதவை மெல்லத் தள்ளினேன். நாலு வயசு இருக்கும், பட்டுப் பாவாடை கட்டின குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது. பபிள் ரேப் முழுவதும் பிரித்து மடியில் கிடந்தது, அதில் அநேகமாக எல்லாக் குமிழியையும் உடைத்திருந்தது. கடைசிக் குமிழியை உடைத்துவிட்டு, அந்த வேட்டித் துணி மூட்டையை எடுத்து, முடிச்சைப் பல்லால் இழுக்க ஆரம்பித்தது.

ஐயோ என்று கத்தத்தான் வாய் வந்தது. கத்தினால் குழந்தை பயந்து மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாய்ந்து பிடுங்கினால் அதுவும் இழுக்கும். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்த கத்தி. எனக்கு எங்கேயிருந்து அந்தப் புத்தி வந்தது என்று தெரியவில்லை. ஹேண்ட்பேக்கைத் திறந்து, எடுத்து வைத்திருந்த அங்பாவ் உறை ஒன்றை எடுத்தேன். முழங்கால் வலியோடு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "இந்தாடா கண்ணு, ஆண்ட்டி உனக்கு அங்பாவ் தர்றேன், வாங்கிக்கோ," என்று நீட்டினேன்.

குழந்தை என்னைப் பார்த்தது, உறையைப் பார்த்தது. பெரியவர்கள் கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்கவேண்டும் என்று அந்த வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்தத் தாய் நன்றாக இருக்கவேண்டும். குழந்தை மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, பிஞ்சுக் கை இரண்டையும் சேர்த்து நீட்டியது. உறையை அதன் கையில் வைத்துக்கொண்டே மறு கையால் மூட்டையை என் பக்கம் இழுத்து முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கையை நான் விடவில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். முறுக்குத் தூளும் எச்சிலும் ஒட்டின, ஒரு கீறல்கூட இல்லாத விரல்கள். என்னை அறியாமல் அழுதுவிட்டேன். குழந்தை, இந்த ஆண்ட்டி காசும் கொடுத்துவிட்டு அழவும் செய்கிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தது.

தாய் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். மூட்டையை எடுத்து அவள் முன்னாலேயே பிரித்தேன். துணி ஒரு பக்கம் வெளியே தெரியாமல் உள்ளடுக்கு மட்டும் அறுந்திருந்தது. கத்தி அதற்குள் பாதி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இன்னும் ஒரு சுற்றுத்தான் மிச்சம். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா நீங்க, முறுக்குக்குள்ள யாராச்சும் கத்திய வெப்பாங்களா?" என்றாள்.

இருபத்திரண்டு வருஷக் கதையையா சொல்வேன்? தப்பு என்மேலதான்மா, மன்னிச்சுடு என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வயசில் சின்னவள்தான், இருந்தாலும் கும்பிட்டேன். அவள் அடுப்படிக்குப் போனாள். துரத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். என் பால்மாவு டின்னைக் கழுவித் துடைத்து, அதில் அதிரசம் அடுக்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். டின்னை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது இல்லையா? என்ன கோபமாக இருந்தாலும் அந்த வழக்கத்தை அவள் விடவில்லை. இந்த வயசில் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை, அவ்வளவு நிம்மதியாகவும் இருந்ததில்லை.

அந்தக் கத்தி பிறகு சுங்கை பட்டாணிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. என் ஊசிகளை வெளியே கொட்டிவிட்டு மரப்பெட்டியில் வைத்து, பெட்டிக்கு அளவான அட்டைப்பெட்டியில் போட்டேன். அதே கூரியர் கடைக்கு எடுத்துப் போய், அதே பெண்ணிடம், மடக்குக் கத்தி, சேகரிப்புக்கு என்று நானே சொன்னேன். அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து வேண்டாம் என்றுதான் சொன்னாள். அடுத்த கடையில் வாங்கிக்கொண்டார்கள். கட்டணம் கூடத்தான். மனசு உறுத்தாமல் வீட்டுக்கு வந்து கால் நீட்டிப் படுக்க அந்தக் காசு தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் எனக்கு மறக்காதது அன்றைக்குச் சுங்கை ரம்பாயில் அந்த வீட்டு வாசலில் காருக்குள் உட்கார்ந்து பேசின ஃபோன்தான். அதிரச டின் மடியில் இருந்தது, கத்தி காரின் பின்பக்கத்தில் பூட்டியிருந்தது. வீட்டுக்காரர் நம்பரை அமுக்கினேன். அவர் ஒரே அடியில் எடுத்தார். கேட்டில் கையில் ஃபோனை வைத்துக்கொண்டேதான் நின்றிருக்கிறார் போல. நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவர் கேட்டார்.

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஒன்றும் ஆகவில்லை, நாலு பிள்ளைகளின் கையையும் நானே பிடித்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை என்றேன். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. முருகா என்றார். பிறகு பிள்ளைகளுக்கு என்ன வயசு என்று கேட்டார், பயந்துவிட்டார்களா என்று கேட்டார், அந்த வீட்டம்மா என்ன சொன்னாள் என்று கேட்டார். சின்னது அங்பாவ் வாங்கினதைச் சொன்னபோது அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

முப்பது வருஷமாக, இந்த மனிதருக்குப் பெண்டாட்டியைவிடக் கத்திதான் பெரிசு என்று சொல்லிச் சொல்லியே நான் காலம் தள்ளியிருக்கிறேன். அவர் இவ்வளவு கேள்வி கேட்டும் கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கத்தி எங்கிட்ட பத்திரமா இருக்குங்க என்றேன்.

"அது கெடக்குது," என்றார். "நீ ஏதாச்சும் சாப்ட்டியா? அவசரப்படாம மெதுவா ஓட்டிட்டு வா."